நான் அப்படிப்பட்டவளா?

(பினாங்கில் பெற்றோர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

ஓசிடி, அதாவது வேண்டாத நினைப்பு விடாமல் வருவதும் அதைத் தணிக்க எதையாவது திரும்பத் திரும்பச் செய்வதுமான மனநோய், என்றதும் கை கழுவுவதும் பூட்டை இழுத்துப் பார்ப்பதும்தான் நம் நினைவுக்கு வரும். வெளியே எதுவுமே தெரியாத ஓசிடியும் உண்டு. இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பலர் சொல்லக் கேட்டதை ஒரு தாயாக்கிச் சொல்கிறேன். குழந்தைக்கு நான்கு மாதம். வெங்காயம் நறுக்கும்போது, "இந்தக் கத்தியால் பிள்ளையை ஏதாவது செய்துவிட்டால்?" என்று ஒரு நினைப்பு வந்து போகிறது. அன்றிலிருந்து கத்தி பழைய துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் கிடக்கிறது. "என்னங்க, காய நீங்களே நறுக்கிடுங்க." குழந்தையைக் குளிப்பாட்டுவது மாமியார் வேலையாகிவிட்டது. இரவில் தூக்கம் இல்லை. சின்ன வயதில் தம்பியைக் கிள்ளினேனே, பூனைக்குட்டியைத் தள்ளிவிட்டேனே, நான் அப்படிப்பட்டவள்தானோ? பூட்டைச் சோதிப்பவரைப் பார்த்தால் நமக்குப் புரிகிறது. இவள் தன்னையே சோதிக்கிறாள். அது யார் கண்ணிலும் படவில்லை.

இப்படிப்பட்ட நினைப்பு வருவதே நோயா? இல்லை. 1978இல் உளவியலாளர்கள் ராக்மனும் இலங்கையரான பத்மல் டி சில்வாவும் நோயில்லாதவர்களிடமும் விசாரித்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கும் இதே வகை நினைப்புகள் வந்து போயிருந்தன. 2014இல் வெளியான ஆய்வு ஒன்றில் 13 நாடுகளின் 777 மாணவர்களைக் கேட்டபோது, 93 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் கடந்த மூன்று மாதத்தில் வேண்டாத நினைப்பு ஒன்றாவது வந்தது என்றார்கள். மற்றவர்கள் "சீ" என்று தள்ளிவிட்டுப் போகிறார்கள். இவளோ அதைத் தன் குணத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறாள்.

ஒருவர் எதை உயிராக மதிக்கிறாரோ, பெரும்பாலும் அங்கேதான் இது கை வைக்கிறது. தண்ணீர்மலை முருகனை நாள் தவறாமல் கும்பிடுகிறவருக்கு, முருகனின் வேலாயுதத்தைப் பார்த்ததும் ஆபாச நினைப்பு வருகிறது. இத்தாலிய மனநல மருத்துவர்கள் குயிடானோவும் லியோட்டியும் 1983லேயே எழுதினார்கள்: "நான் நல்லவனா, கெட்டவனா" என்று தன்னைப் பற்றியே தீராத இருமனம் உள்ளவர்களிடம் இது வேர்விடுகிறது என்று. மரபுக்கும் மூளைக்கும் பங்கு உண்டு. எல்லா ஓசிடிக்கும் இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஓசிடிக்கு உறவான நோய்களும் உண்டு. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் மனநோய் வகைப்பாட்டு நூலில், உடல் தோற்றக் கவலை நோய், பொருள் சேர்த்துக் குவித்தல், முடி பிடுங்குதல், தோலைக் கிள்ளுதல் ஆகியவற்றை ஓசிடியோடு ஒரே அத்தியாயத்தில் வைத்தது. தோற்ற நோய் உள்ள இளைஞன் மூக்கின் ஒரு புள்ளியையே பார்ப்பான், முழு முகத்தைப் பார்க்க மாட்டான். அந்தத் தாய்க்குத் தன் பயம் மிகை என்று பெரும்பாலும் தெரியும். இவனுக்கோ தன் மூக்கு கோணல் என்பதில் பெரும்பாலும் சந்தேகமே இருக்காது. அதனால் மனநல மருத்துவரை விட்டுவிட்டு அறுவை சிகிச்சை நிபுணரைத் தேடுகிறான். மூக்கை மாற்றியும் கவலை பெரும்பாலும் தீர்வதில்லை.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "நீ நல்ல பிள்ளம்மா, அப்படிச் செய்ய மாட்ட" என்று பாசத்தோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் சொறியச் சொறிய அரிப்பு கூடுகிற கதைதான். கால் மணி நேரத்தில் மறுபடியும் கேட்பாள். திரும்பத் திரும்பச் செய்யும் பரிகாரமும் அப்படித்தான். சாமி கும்பிடுவதை நான் தடுக்கவில்லை. நினைப்பைக் கழுவ வேண்டும் என்றே கும்பிட்டால் அதுவும் நோயின் வேலையாகிவிடும்.

உளவியலாளர் விக்டர் மேயர் 1966இல் வெளியிட்ட முறையின் வழியில் இன்றும் சிகிச்சை நடக்கிறது: பயத்தை எதிர்கொள்வது, பயத்தைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் சடங்கைச் செய்யாமல் இருப்பது. சிகிச்சையாளர் படிப்படியாகக் கொண்டுபோவார். ஒரு கட்டத்தில் அந்தத் தாய் குழந்தை பக்கத்தில் தொட்டிலில் இருக்க, காய் நறுக்குவாள். "நான் யார்" என்ற கேள்விக்கு அன்று பதில் தேட மாட்டாள். தேவைப்பட்டால் மருந்தும் உண்டு.

முதலில் பக்கத்து அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். அங்கிருந்து மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். கை கழுவுவதைப் பற்றி மட்டும் பேசாமல், வந்த நினைப்பையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். வெட்கத்தில் பலர் அதைத்தான் மறைத்துவிடுகிறார்கள்.