நிப்புக்கும் கடைமடைக்கும் ஒரே கணக்கு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கூத்தனூர் சரஸ்வதியின் காலடியில் பேனாவும் நோட்டும் வைத்துக் கும்பிடப் பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

"மாணவர் கைக்கு ஏற்றது இங்க் பேனாவா, பால் பாயிண்ட் பேனாவா?" என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் மூன்று குற்றம் சாட்டினார். இங்க் பேனா கக்கும். திடீரென்று எழுதாமல் நிற்கும். தேர்வில் நேரத்தைத் தின்னும். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். விலை உயர்ந்த பேனாவுக்காக நான் இங்கே நிற்கவில்லை. நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற, கழுத்தைத் திருகிக் கழற்றி, பில்லர் என்கிற சொட்டுக் குழாயால் மை ஊற்றுகிற சாதாரணப் பேனாவுக்காகத்தான் வாதாடுகிறேன்.

முதலில் பிள்ளையின் கையைப் பாருங்கள். பால் பாயிண்ட் பேனாவுக்குள் இருப்பது எண்ணெய்ப் பசை போன்ற கெட்டி மை. குண்டை அழுத்தி உருட்டினால்தான் அது தாளில் ஏறும். இங்க் பேனாவின் மை தண்ணீர் மாதிரி. நிப்பு தொட்டால் போதும், தாளே இழுத்துக்கொள்ளும். தஞ்சை சரஸ்வதி மகாலில் இருக்கும் ஓலைச்சுவடிகள் எழுத்தாணியால் கீறி எழுதியவை. ஓலைக்கு அழுத்தம் வேண்டியிருந்தது; தாளுக்கு எதற்கு? பேனாவைச் சுமார் 45 பாகை சாய்த்து, நிப்பின் முகம் மேலே பார்க்கப் பிடித்தால், 3 மணி நேரத் தேர்விலும் விரல் வலி குறையும். ண, ஞ, ழ என்று சுழித்துச் சுழித்து எழுதுகிற நம் எழுத்துக்கு இதைவிடத் தோதானது இல்லை. நிப்பு மட்டும் மெல்லியதாக இருக்கட்டும். தடித்த நிப்பில் 'ண'வின் சுழிக்குள் மை நிரம்பி அடைத்துப்போகும்.

இனி, கக்குகிறது என்ற குற்றம். ஏன் கக்குகிறது? நிப்புக்கு அடியில் ஒரு கறுப்புக் கட்டை இருக்கிறதே, அதில் நீளவாக்கில் ஒரு மெல்லிய வாய்க்கால் ஓடுகிறது. மை கீழே வர வர அதற்கு ஈடாகக் காற்று உள்ளே போக வேண்டும். 1884-இல் அமெரிக்கரான லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை வாங்கியது இந்த ஏற்பாட்டுக்குத்தான். மை இறங்க இறங்கப் பேனாவின் உடலுக்குள் காற்று அதிகமாகும். கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை நெட்டித் தள்ளும். கட்டையில் குறுக்கே வெட்டியிருக்கும் பள்ளங்கள் கொஞ்சம் தாங்கும். அவையும் நிரம்பிவிட்டால் சொட்டுத்தான். ஆகவே மூன்றில் ஒரு பங்கு மை இருக்கும்போதே நிரப்புங்கள். பஸ்ஸில் போகும்போது நிப்பு மேலே பார்த்திருக்கட்டும், மூடியையும் அப்படியே திறங்கள். கழுத்தைத் திருகும் மரையில் மை கசிந்தால் கடுகளவு சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதும். வாசலின் வேண்டாம், ரப்பர் வளையம் ஊறிக் கெட்டுவிடும்.

எழுதாமல் நிற்கிறது என்றார்கள். நடுவர் அவர்களே, இது டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டிய விஷயமே இல்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்தும் கடைமடைக்கு வரவில்லை என்றால் வாய்க்காலில் தூர் சேர்ந்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். பேனாவிலும் காய்ந்த மைதான் தூர். மாதம் ஒருமுறை கழுத்துப் பகுதியைத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் தெளியும் வரை பில்லரால் பீய்ச்சிக் கழுவுங்கள். சுடுதண்ணீர் கூடாது, பிளாஸ்டிக் கோணிப்போகும். வேதாரண்யம் பக்கம் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்குக் குடிதண்ணீரோ மழைத்தண்ணீரோ எடுங்கள். உப்பு படிந்தால் அதுவும் தூர்தான். புதுப் பேனாவே நின்று நின்று எழுதினால், தயாரிப்பில் ஒட்டிய எண்ணெய் காரணமாக இருக்கலாம். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு கலந்த தண்ணீரில் அலசினால் சரியாகும். வியர்த்த உள்ளங்கை பட்ட இடத்திலும் மை ஒட்டாது, கைக்கடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து நிப்பின் பிளவில் பிளேடை மட்டும் நுழைக்காதீர்கள். சவர பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர். பிளவு முனையருகே அதைவிடக் குறுகல். ஒருமுறை விரிந்துவிட்டால் மை முனைக்கு இறங்காது. அந்த நிப்பு அவ்வளவுதான். படம் வரையும் இந்தியன் இங்க்கையும் ஊற்றாதீர்கள். அதில் இருக்கும் அரக்கு காய்ந்தால் எந்தத் தண்ணீருக்கும் கரையாது.

தேர்வு நேரம்? ஒருமுறை ஊற்றுகிற 2 மில்லி மை ஒரு தேர்வுக்குத் தாராளம். காலையில் முழுக்க நிரப்பிக்கொண்டு போனால், காற்று குறைவாக இருப்பதால் கக்கவும் கக்காது. அரசுப் பொதுத்தேர்வு வினாத்தாள் கேட்பது நீலம் அல்லது கருப்பு மை. என்ன பேனா என்று கேட்கவில்லை. செலவையும் பாருங்கள். 60 மில்லி புட்டியில் 30 தடவை நிரப்பலாம், உடலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

எதிரணிக்கு ஓரிடம் விட்டுத்தருகிறேன். கார்பன் தாள் வைத்து எழுதும் ரசீதுக்கு அழுத்தம் வேண்டும், அதற்குப் பால் பாயிண்டே சரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாதாரண நீல மை நனைந்தால் கரையும் என்பதும் உண்மை. தாளும் ஈரம் குடித்து எழுத்து ஊறும். அந்த இரண்டு மாதமும் நோட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் வைக்க வேண்டும்; நல்ல நெருக்கமான தாளாகப் பார்த்து வாங்க வேண்டும்.

மணி அடித்துவிட்டது. பெற்றோர்களுக்கு ஒன்று மட்டும். அரையாண்டு விடுமுறை வந்ததும் பேனாவில் மையை விட்டுவைக்காதீர்கள். புட்டிக்கே திருப்பி ஊற்ற வேண்டாம், அழுக்கு சேர்ந்தால் மொத்த மையும் கெடும். கொட்டிவிட்டு, கழுவி, நிப்பு கீழே பார்க்கப் பழைய துணியில் ஓர் இரவு நிறுத்தி உலரவிடுங்கள். பள்ளி திறக்கிற அன்று மை ஊற்றி, சில நிமிடம் நிப்பைக் கீழ்நோக்கிப் பிடித்திருந்தால் எழுதத் தொடங்கிவிடும். நன்றி, வணக்கம்.