மோரிப் கடல்ல திட்டுக்கு நடந்து போனோம், திரும்பி வந்த கதை

வணக்கம் மக்களே. மலேசியா பந்திங்ல இருந்து பேசுறேன். செருப்புல இன்னும் சேறு காயல, அதுக்குள்ள சொல்லிடணும்னு உட்கார்ந்துட்டேன்.

நேத்து அமாவாசைக்கு மறுநாள். மத்தியானம் பன்னிரண்டரைக்கு மோரிப்ல கடல் உள்வாங்கி, கண்ணுக்கெட்டுன தூரம் சேறும் மணலும்தான். நடுவுல ஒரு மணல்திட்டு. சின்ன வயசுல தோட்டத்து லாரியில வரும்போதெல்லாம் அங்க போகணும்னு அழுவேன், அம்மா கையை விடவே மாட்டாங்க. நேத்து தங்கச்சி பிள்ளைங்கள கூட்டிட்டு நடந்தே போயிட்டேன். முழங்கால் அளவு ஒரு ஓடை, அதைத் தாண்டுனா திட்டு. பெலாச்சாக் மீனுங்க சேத்து மேலேயே துள்ளிக்கிட்டு ஓடுது. பிள்ளைங்களுக்குத் தலைகால் புரியல. திட்டுல உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிச்சோம்.

அங்க சிப்பி பொறுக்கிக்கிட்டு இருந்த ஒரு மக்சிக் (மலாய்க்கார அம்மா), ஓடை ஓரத்துல ஒரு கம்பு நட்டு வச்சிருந்தாங்க. கம்புல கத்தியால கீறுன ஒரு கோடு. தண்ணி அந்தக் கோட்டைத் தொட்டா கிளம்பிடுவாங்களாம். நான் கடலையே பார்த்துக்கிட்டு இருந்தேன், அது அசையவே இல்ல. மக்சிக் என் தோளைத் தட்டி, "ஆயர் நாய்க்", அதாவது தண்ணி ஏறுதுன்னு பின்னால கையைக் காட்டுனாங்க. திரும்பிப் பார்த்தா ஓடை நிறைஞ்சு தொடை வரைக்கும் வந்திருச்சு. சின்னவளைத் தூக்கிக்கிட்டு வந்தேன். மூச்சே போயிருச்சு மக்களே.

வீட்டுக்கு வந்துதான் கணக்குப் போட்டேன். தண்ணி ஏற சுமார் ஆறு மணி நேரம் ஆகும். கிள்ளான் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏறுற உயரம் ஏறக்குறைய 4 மீட்டர். அதைப் பன்னிரண்டு பங்கா வச்சா முதல் மணியில ஒரு பங்கு, அடுத்து ரெண்டு, மூணாவது நாலாவது மணியில மும்மூணு பங்கு. அதாவது ஒரே மணியில ஒரு மீட்டர்! முதல் மணி நம்மள ஏமாத்திடும். அதோட தண்ணி நேரா முன்னால இருந்து வராது, பள்ளமான ஓடையைத்தான் முதல்ல நிரப்பும், நாம திட்டுலேயே மாட்டிக்குவோம்.

இந்தச் சேறு லேசுப்பட்டது இல்ல. 1945 செப்டம்பர் 9ஆம் தேதி பிரிட்டிஷ் இந்தியப் படை இதே மோரிப்லதான் கரை இறங்குச்சு. ஜப்பான் ஏற்கனவே சரணடைஞ்சதால சண்டை இல்ல, ஆனா படை வண்டிங்க சேத்துல புதைஞ்சு நின்னிருச்சு.

போறவங்க மலேசியக் கடற்படையோட ஹைட்ரோகிராஃபி (கடல் அளவாய்வு) மையம் போடுற ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி இறங்குற நேரப் பட்டியலைப் பாருங்க. நேரம் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும், நேத்து பார்த்தது இன்னைக்கு உதவாது. தண்ணி முழுசா வத்துறதுக்கு ஒரு மணி முன்னாடி போங்க, வத்தி முடிஞ்ச உடனே திரும்பிடுங்க. கையில ஒரு கம்பு இருக்கட்டும்.

சாயங்காலம் நாலரைக்குக் கரையில நின்னு பார்த்தோம். திட்டே இல்ல. நாங்க சாப்பிட்ட இடத்து மேல ஒரு மீன்பிடிப் படகு போயிக்கிட்டு இருந்துச்சு.