நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு ஜார்ஜியாவில் வீடு வாங்கும்போது

வணக்கம். வேலை மாறி நியூ ஜெர்சியில் இருந்து ஆல்ஃபரெட்டா, கம்மிங் என்று அட்லாண்டா பக்கம் போகிற தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் முடியட்டும் என்று இங்கேயே இருந்துகொண்டு அங்கே வீடு பேசி முடிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் பேசுகிறேன். நீங்கள் எங்கே குடியிருந்தாலும், வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலச் சட்டப்படிதான் கிரயம் நடக்கும்.

நியூ ஜெர்சியில் ஏஜென்ட் எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகும், 3 வேலை நாளுக்குள் உங்கள் வக்கீல் அதைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லலாம். அதே நினைப்பில் ஜார்ஜியா ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அங்கே சட்டம் தானாகக் கொடுக்கிற அவகாசம் அப்படி எதுவும் இல்லை, வீட்டைப் பரிசோதித்துப் பார்த்து வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளும் டியூ டிலிஜன்ஸ் அவகாசம் என்று எத்தனை நாள் பேசி எழுதி வாங்குகிறீர்களோ அவ்வளவுதான். வீட்டைப் பரிசோதிக்க ஆள் அனுப்பவும் நீங்களே ஒரு நடை போய்ப் பார்த்து வரவும் எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டுத் தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம், ஜார்ஜியாவில் குளோசிங்கை, அதாவது கையெழுத்துப் போட்டுப் பணம் கொடுத்துக் கிரயத்தை முடிக்கிற கடைசிக் கட்டத்தை, வக்கீல்தான் நடத்த வேண்டும். டெக்சஸில் வீட்டின் உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனியே முடித்துக் கொடுப்பதுபோல அங்கே முடியாது. ஆனால் அந்த வக்கீல் பெரும்பாலும் கடன் கொடுக்கும் வங்கிக்கு வக்கீல், உங்களுக்கு இல்லை. உங்கள் பக்கம் நின்று பார்க்க ஜார்ஜியா உரிமம் உள்ள ஒருவரைத் தனியாக அமர்த்திக்கொள்ளுங்கள், அந்தச் செலவில் மட்டும் கை இழுக்க வேண்டாம்.

நேரில் போக முடியாவிட்டால், வங்கி சம்மதித்தால், காகிதங்களை இங்கே வரவழைத்து இங்குள்ள நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடலாம். ஆனால் வீட்டை வங்கிக்கு ஈடாக எழுதிக் கொடுக்கிற பத்திரத்துக்கு ஜார்ஜியாவில் நோட்டரியோடு இன்னொரு சாட்சியும் வேண்டும். நியூ ஜெர்சி நோட்டரிக்கு இது பழக்கமில்லாததால் தனியாக வந்து நிற்பார், அதனால் சாட்சிக்கு யார் என்று முதலிலேயே கேட்டு வைத்துவிடுங்கள். மனைவியோ கணவரோ இந்தியாவில் இருந்தால், இந்த ஒரு வீட்டைக் குறிப்பிட்டு எழுதிய பவர் ஆஃப் அட்டர்னி வேண்டும், அதை வங்கியும் வக்கீலும் முன்கூட்டியே பார்த்துச் சரி சொல்ல வேண்டும். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நோட்டரி சேவை உண்டு, நேரம் முன்பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும்.

நீண்டகாலக் கடன் என்றால் 500 டாலருக்கு 1.50 டாலர் வீதம் ஜார்ஜியாவில் ஒரு வரி உண்டு. 4,00,000 டாலர் கடனுக்கு 1,200 டாலர்.

நாமே குடியிருக்கப் போகிறோம் என்று சொல்லிக் கடன் வாங்கினால் பொதுவாக 60 நாளுக்குள் குடிபோய் ஒரு வருடமாவது அங்கே இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் முடிய ஆறு மாதம் இருக்கிறது என்றால் அதை வங்கியிடம் மறைக்காதீர்கள், பொய் சொல்லிக் கடன் வாங்குவது மத்தியச் சட்டப்படி குற்றம். குளோசிங் டிஸ்க்ளோஷர் என்ற கணக்குக் காகிதம் எந்த மாநிலத்திலும் குளோசிங்குக்கு 3 வேலை நாள் முன்னதாக உங்கள் கைக்கு வர வேண்டும், வந்த அன்றே வரி வரியாகப் படியுங்கள்.

கடைசியாகப் பணம். தூரத்தில் இருந்து வாங்குகிறவர்களைக் குறிவைத்து, மோசடிக்காரர்கள் வக்கீல் அலுவலகம் அனுப்பியதுபோலவே மின்னஞ்சல் அனுப்பி, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்பார்கள். அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள். முதல் நாளே வாங்கி வைத்த எண்ணில் பேசி, கணக்கு எண்ணை அவர்கள் வாயால் கேட்டுச் சரிபார்த்த பிறகு அனுப்புங்கள், அனுப்பியதும் வந்து சேர்ந்ததா என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.