புல்லைப் பார்ப்பது எப்படி?

நண்பர்களே, நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில், ஒரு ஓவியத்தின் முன் மக்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கணக்கெடுத்து 2001-இல் வெளியிட்டார்கள். சராசரி சுமார் 27 விநாடி. அவசர உலகம் என்று அலுத்துக்கொள்ள நான் வரவில்லை. 'இது மரம், இது குளம்' என்று தெரிந்ததுமே, தன் வேலை முடிந்ததென்று கண் கிளம்பிவிடுகிறது. இயற்கையை வரைந்த படங்களுக்கு இந்த அநியாயம் கூடுதலாகவே நடக்கிறது. புல்லை யாருக்குத்தான் தெரியாது?

ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர் 1503-இல் வரைந்தது வெறும் புல்லைத்தான். 'பெரிய புல்திட்டு' என்று பெயர். உயரம் 41 சென்டிமீட்டர்கூட வராது. முதல் பார்வைக்குப் பச்சைக் குழப்பம். கொஞ்சம் பொறுங்கள். குழப்பம் தாள் தாளாகப் பிரியும். மெல்லிய புல் கதிர்கள் வெற்றுப் பின்னணியில் தனித்தனியே எழும். கீழே தரையோடு ஒட்டிய அகன்ற இலைகள். இன்னும் கீழே இறங்கினால் ஈரமண். அங்கே வேர்கள்கூடத் தெரிகின்றன. இப்போதுதான் உறைக்கும்: இதை வரைந்தவரின் கண் புல்லின் மட்டத்துக்கே இறங்கியிருக்கிறது.

அதன் பிறகு டான்டெலியன் என்னும் மஞ்சள் காட்டுப்பூக்களைக் கவனியுங்கள். மூடியிருக்கின்றன. அந்தப் பூ இருட்டும்போதும் மழைக்கும் மூடிக்கொள்ளும். படத்தில் அது மாலைப்பொழுதா, மழை மேகமா? நான் மழைக் கட்சி. நீங்கள் மறுக்கலாம், ஆனால் மறுக்க வேண்டுமானால் இன்னொரு முறை பார்த்தாக வேண்டும்!

பிரெஞ்சு ஓவியர் மோனேயின் அல்லிக்குளம் வேறு வகை. பாரிஸின் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் இரண்டு நீள்வட்ட அறைகளின் சுவர்களில் அது வளைந்து ஓடுகிறது. மக்களுக்குத் திறக்கப்பட்டது 1927-இல், அவர் இறந்த மறு ஆண்டு. அங்கே இருக்கை உண்டு. உட்காருங்கள். தொடுவானம் இல்லாததால், எது நீர், எது நீரில் விழுந்த மேகம் என்று முடிவு செய்யவே நேரமாகும்.

எவ்வளவு நேரம் பார்ப்பது என்று கேட்பீர்கள். பத்து நிமிடம் போதும். மூன்றாவது நிமிடத்தில் சலிப்பு வரும், வரட்டும். அப்போது படத்தின் ஓரங்களுக்குப் போங்கள். விளக்கப் பலகையைக் கடைசியில் படியுங்கள்.

அசல் படம் கிடைக்காதே என்று கவலை வேண்டாம். வெளிச்சம் பட்டால் நீர்வண்ணம் மங்கும் என்பதால், அதை வைத்திருக்கும் வியன்னாவின் அல்பெர்டினா அருங்காட்சியகமே டூரரின் புல்திட்டை எப்போதாவதுதான் வெளியே எடுக்கிறது. நல்ல அச்சுப்பிரதி ஒன்று போதும், தொடங்கிவிடலாம்.