பத்து நிமிஷம் எங்கே போச்சு?

நேயர்களுக்கு வணக்கம். கொலைக் கதையைப் பற்றிப் பேச வருகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. கொன்றது யார் என்று சொல்லிவிட்டால் படிக்காதவர்கள் சாபம் விடுவார்கள். சொல்லாமல் போனால் படித்தவர்களுக்குச் சப்பென்று இருக்கும். நான் படிக்காதவர்கள் கட்சி. பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் எந்த இடத்தில் பம்முகிறேன் என்று படித்தவர்கள் கவனித்துச் சிரித்துக்கொள்ளலாம்.

நாவல், அகதா கிறிஸ்டி எழுதிய ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்’. 1925இல் லண்டன் ஈவ்னிங் நியூஸ் பத்திரிகையில் தொடராக வந்து, 1926 ஜூனில் புத்தகமானது. மதுரையில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடிப் படிக்கிறோம். அப்படித்தான் இதையும் எடுத்தோம். மொத்தம் 27 அத்தியாயம். ஆங்கிலம் ஓடாதவர்களுக்கு வாரா வாரம் நான் வாயால் சொல்லிவிடுவேன். ஆக, பாதிப்பேர் படித்தவர்கள், பாதிப்பேர் கேட்டவர்கள். கேட்டவர்கள்தான் அதிகம் சண்டை போட்டார்கள்.

கதை இதுதான். இங்கிலாந்தில் கிங்ஸ் அபாட் என்று ஒரு கிராமம். அங்கே பணக்கார விதவை ஒருத்தி தூக்க மருந்தை அதிகமாகச் சாப்பிட்டுச் செத்துப்போகிறாள். கணவனுக்கு விஷம் வைத்தவளே அவள்தான். அது தெரிந்த யாரோ ஒருவர் அவளை மிரட்டிப் பணம் கறந்துகொண்டிருந்திருக்கிறார். அவளைக் கட்டிக்கொள்வதாக இருந்த ஆக்ராய்டுக்கு அவள் எழுதிய கடைசிக் கடிதம் மறுநாள் ராத்திரி வந்து சேர்கிறது. அன்றைக்கே ஆக்ராய்ட் தன் அறையில் குத்துப்பட்டுக் கிடக்கிறார். பக்கத்தில் குடிவந்திருக்கும் துப்பறியும் பாய்ரோ, தொழிலை விட்டுவிட்டு மேரோ என்ற காய் போட்டு வளர்த்துக்கொண்டிருக்கிறார். மேரோ, நம் சுரைக்காய்க்கு ஒன்றுவிட்ட சொந்தம். அது சரியாக வரவில்லை என்ற கோபத்தில் ஒன்றைப் பிடுங்கி மதிலுக்கு மேலே வீசுகிறார். அதற்குத்தான் எங்கள் கூட்டத்தில் முதல் சிரிப்பு.

அடுத்து எல்லோரும் பிடித்துக்கொண்டது கரோலினை. கிராமத்து டாக்டரின் அக்கா. வீட்டை விட்டு அதிகம் நகரமாட்டாள். பால்காரர், வேலைக்காரப் பெண் என்று வருகிறவர் போகிறவர் வாயிலேயே ஊர்ச் சங்கதி அத்தனையும் அவளுக்கு வந்து சேர்ந்துவிடும். ஒரு டீச்சரம்மா பாதியில் நிறுத்தி, “இது எங்க பெரியம்மா சார், செல்லூர்ல இருக்காங்க” என்றார். கிறிஸ்டிக்கும் இந்த நாவலில் கரோலின்மேல் தனிப் பிரியம். பின்னால் அவர் கதைகளில் வந்த துப்பறியும் கிழவி மிஸ் மார்ப்பிள் இவளிலிருந்து முளைத்திருக்கலாம் என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1928இல் இந்தக் கதையை நாடகமாகப் போட்டவர்கள் கரோலினைத் தூக்கிவிட்டு ஒரு இளம்பெண்ணை வைத்தார்கள். கிறிஸ்டிக்கு அது பிடிக்கவே இல்லை. பிடிக்காததில் என்ன ஆச்சரியம்? பெரியம்மா இல்லாத தெருவில் துப்பறிய என்ன இருக்கிறது?

கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் வேறு மாதிரி ஆரம்பித்தார். “கொலை நடந்த ராத்திரி டாக்டருக்கு ஒரு போன் வருதுல்ல சார், அது எங்கிருந்து வந்ததுன்னு பார்த்தா முடிஞ்சது. இதுக்கு இத்தனை பக்கமா?” கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அய்யா எங்கள் கூட்டத்தில் உண்டு. அவர் விடவில்லை. “பார்த்தாச்சே தம்பி. ரயில்வே ஸ்டேஷன்ல இருந்த பொது போன்னு போலீஸ் கண்டுபிடிச்சாச்சு. பேசினது யாருன்னு ஸ்டேஷன் சுவரையா கேக்குறது?” எஸ்.டி.டி. பூத் வாசலில் வரிசையில் நின்றவர்களுக்கு அது சட்டென்று புரிந்தது. தம்பிக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது.

கடைசி அத்தியாயத்துக்கு வந்தோம். நான் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் மாசி வீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் எழுந்து, “இது ஏமாத்து வேலைங்க” என்றார். தப்பே இல்லை. 1926இல் இங்கிலாந்தில் படித்தவர்களில் பலரும் இதையேதான் சொன்னார்கள். வாசகரை நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டார் என்று கோபம். இன்னொரு துப்பறியும் எழுத்தாளரான டோரதி சேயர்ஸ் கிறிஸ்டிக்காக வாதாடினார். எல்லோரையும் சந்தேகப்படுவது வாசகரின் வேலை, அதைச் செய்யாமல் விட்டுவிட்டு எழுத்தாளரைக் குறை சொல்லக்கூடாது என்பது அவர் கட்சி.

யார் பக்கம் நியாயம்? எங்கள் குமாஸ்தா அய்யா புத்தகத்தை வாங்கி நான்காம் அத்தியாயத்தைத் திருப்பச் சொன்னார். அங்கே கடிதம் அறைக்குள் வரும் நேரம் 8.40 என்று எழுதியிருக்கிறது. ஆக்ராய்டைத் தனியே விட்டுவிட்டுக் கதவு சாத்தப்படும்போது மணி 8.50. கடிதம் இன்னும் படித்து முடிக்கப்படவில்லை. நடுவில் இருந்த பத்து நிமிஷம் எங்கே போச்சு? அடுத்தடுத்த வாக்கியத்தில் இரண்டு மணியையும் கிறிஸ்டி பச்சையாகப் போட்டிருக்கிறார். நாம்தான் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறோம். “கூண்டுல ஏறுற சாட்சி பாதிப்பேர் இப்படித்தாங்க. சொன்னதுல பொய் இருக்காது. சொல்லாம விட்டதுலதான் சங்கதி” என்றார் அய்யா. என் தீர்ப்பும் அதுவே. வாசகரிடமிருந்து முக்கியமான தடயத்தை மறைக்கமாட்டோம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு உறுப்பினரைச் சேர்க்கும் துப்பறியும் எழுத்தாளர்களின் சங்கமான டிடெக்‌ஷன் கிளப் 1930இல் லண்டனில் தொடங்கியது. மறைத்தார் என்று திட்டு வாங்கிய கிறிஸ்டி அதன் ஆரம்ப உறுப்பினர்களில் ஒருவர், 1957இலிருந்து தலைவரும் அவர்தான்.

ஜவுளிக்கடைக்காரர் மட்டும் மசியவில்லை. “ரெண்டாவது தடவை படிச்சாத்தான் நியாயம் தெரியும்னா, முதல் தடவை எதுக்குங்க படிக்கணும்?” அவருக்குத் துணையாக அமெரிக்காவில் ஒருவர் இருந்தார். எட்மண்ட் வில்சன் என்ற விமர்சகர். 1944இல் நியூயார்க்கர் இதழில் துப்பறியும் கதைகளைப் போட்டுத் தாக்கினார். வாசகர்கள் கடிதம் கடிதமாக எழுதிச் சண்டைக்கு வந்தார்கள். ஜனவரி 1945இல் பதில் கட்டுரை எழுதினார். தலைப்பு, ‘ரோஜர் ஆக்ராய்டை யார் கொன்றால் யாருக்கு என்ன?’ யாருக்கும் அக்கறை இல்லை என்று சொல்லத் தேடியபோதும் அவருக்குக் கிடைத்தது எல்லோருக்கும் தெரிந்த இந்தப் பெயர்தான். 2013இல் பிரிட்டனின் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்தினர் வாக்களித்து, இதுவரை வந்ததிலேயே சிறந்த குற்ற நாவல் என்று இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

இதற்கும் மேலே போனவர் பியர் பயார் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர். பாய்ரோ தப்பான ஆளைப் பிடித்துவிட்டார், கொன்றது வேறு ஆள் என்று 1998இல் ஒரு புத்தகமே போட்டார். இதைச் சொன்ன அன்றைக்குக் கூட்டம் கலைய ராத்திரி ஒன்பதரை ஆகிவிட்டது. அப்பீல் நிற்காது என்பது குமாஸ்தா அய்யாவின் கருத்து. டீச்சரம்மா நிற்கும் என்கிறார்.

அந்தக் காலத்து லெண்டிங் லைப்ரரிகளில் புத்தகம் எடுத்தவர்களுக்கு ஒரு வேதனை தெரியும். மூன்றாம் பக்கத்திலேயே யாரோ ஒரு புண்ணியவான் பென்சிலால் கொலைகாரன் பெயரை எழுதிவைத்திருப்பார். அதன் கீழே இன்னொருவர் “பொய், நம்பாதே” என்று எழுதியிருப்பார். எதை நம்புவது? இப்போது பென்சில்காரர்கள் குறைந்துவிட்டார்கள், அந்த வேலையை முன்னுரை எழுதுகிறவர்கள் பார்க்கிறார்கள். ஆகவே இந்த நாவலை எடுக்கிறவர்கள் முன்னுரையையும் பின்னட்டையையும் தாண்டி நேராக முதல் அத்தியாயத்துக்குப் போய்விடுங்கள். நான்காம் அத்தியாயம் வந்ததும் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். வணக்கம்.