இலைத்துளையைத் திறப்பது எந்த ஒளி?

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "காப்பு செல்கள் வெளிச்சத்தில் ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை தயாரிக்கின்றன, அதனால் நீர் உள்ளே வந்து இலைத்துளை திறக்கிறது என்று படித்தேன். இந்த விளக்கம் போதுமா?"

போதாது. இலைத்துளையின் இருபுறமும் அமைந்து அதைத் திறந்து மூடும் இரு செல்களே காப்பு செல்கள். அவற்றில் நீர் புகுவதால்தான் துளை திறக்கிறது என்பது சரி. காப்பு செல்லின் சுவரில் செல்லுலோஸ் இழைகள் குறுக்காகச் சுற்றியிருப்பதாலும், துளையை ஒட்டிய பக்கம் தடித்திருப்பதாலும், செல் விறைக்கும்போது பருக்காமல் நீண்டு வெளிப்புறமாக வளைகிறது. இரண்டு செல்களும் இப்படி வளைய, நடுவே இடைவெளி உண்டாகிறது. ஆனால், அந்த நீரை முதலில் உள்ளே இழுப்பவை பெரும்பாலும் பொட்டாசியம் அயனிகளே.

அவற்றை உள்ளே வரச் செய்வதில் நீல ஒளிக்குத் தனி இடம் உண்டு. ஒளிச்சேர்க்கை அதற்கு மேல் அதிகரிக்க முடியாது என்னும் அளவுக்கு வலுவான சிவப்பு ஒளியை ஓர் இலைக்குக் கொடுத்துவிட்டு, அதன்மேல் மிக மங்கலான நீல ஒளியைச் சேர்த்தால், துளைகள் மேலும் அகலத் திறக்கின்றன. இந்தக் கூடுதல் திறப்புக்கு ஒளிச்சேர்க்கையைக் காரணமாகச் சொல்ல முடியாது. பாபியோபெடிலம் என்னும் ஆர்க்கிட் பேரினத்தின் காப்பு செல்களில் பச்சையமே இல்லை என்பதையும், அவையும் நீல ஒளிக்குத் திறக்கின்றன என்பதையும் இதனுடன் சேர்த்துப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த சான்று இது.

நீல ஒளியை உணர்வது போட்டோட்ரோபின் என்னும் புரதம். அராபிடாப்சிஸ் செடியில் இதன் இரு வகைகளும் இல்லாமல் போனால் துளைகள் நீல ஒளிக்கு அசைவதில்லை என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2001இல் காட்டினார்கள். ஒளி பட்டதும் இப்புரதம் விடுக்கும் சைகை, செல் சவ்விலுள்ள புரோட்டான் பம்ப்பை இயக்குகிறது. பம்ப், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவிட்டு ஹைட்ரஜன் அயனிகளை வெளியேற்ற, சவ்வின் உட்புறம் மேலும் எதிர்மின் தன்மை பெறுகிறது; அதனால் பொட்டாசியம் வாயில்கள் திறந்து அயனிகள் உள்ளே வருகின்றன. அவற்றின் மின்னேற்றத்தைக் குளோரைடும், செல்லுக்குள் உருவாகும் மாலேட்டும் (மாலிக் அமிலத்தின் அயனி) சமன் செய்கின்றன. உட்கரைசலின் செறிவு கூடியதும் சவ்வூடு பரவலால் நீர் புகுகிறது. காலை வெளிச்சத்தில் காப்பு செல்களில் சேர்ந்திருந்த ஸ்டார்ச் கரைவதும் இதற்குத் துணை செய்கிறது. மற்ற இலைச் செல்களில் பகலில் ஸ்டார்ச் சேரும்போது இங்கு மட்டும் அது குறைவது கவனிக்கத்தக்கது.

சிவப்பு ஒளிக்கும் பங்கு உண்டு. அது இலையிடைத் திசுவில் ஒளிச்சேர்க்கையைத் தூண்டி உள்ளிருக்கும் கரியமில வாயுவைக் குறைக்கிறது. அந்தக் குறைவும் திறப்பைத் தூண்டுகிறது.

இருட்டில் பம்ப்பின் வேகம் குறைய, அயனிகள் வெளியேறி, நீரும் பின்தொடர்ந்து, துளை மூடுகிறது. நல்ல வெயிலிலும் மூடுவது உண்டு: மண்ணில் ஈரம் குறைந்தால் கூடும் அப்சிசிக் அமிலம் என்னும் தாவர ஹார்மோன், குளோரைடு போன்ற எதிரயனிகள் வெளியேறும் வாயில்களைத் திறந்தும் பம்ப்பைத் தடுத்தும், ஒளியின் சைகையை மீறிவிடுகிறது. இதற்கு மாறாக, கற்றாழையும் அன்னாசியும் பெரும்பாலும் இரவில் துளை திறந்து, அப்போது பெற்ற கரியமில வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து, பகலில் துளையை மூடியபடியே அதைப் பயன்படுத்துகின்றன.