துண்டுக்கு அடியில் நிற்கும் ஆர்டர்

வணக்கம். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். பங்குச் சந்தையில் இது தலைகீழ். விலையை ஊருக்கே காட்டுவோம், எத்தனை பங்கு வேண்டும் என்பதைத்தான் மூடி வைப்போம்.

ஏன் என்று நான் கற்றது அடிபட்டுத்தான். ஒரு புரோக்கர் ஆபீஸில் டீலராகச் சேர்ந்த புதிது. ஒரு கிளையண்டுக்கு 2 லட்சம் பங்கு வாங்க வேண்டும், நான் 412 ரூபாய்க்கு மொத்தத்தையும் ஒரே ஆர்டராகத் தட்டிவிட்டேன். திரையில் வாங்கும் பக்கம் ஐந்து விலை, விற்கும் பக்கம் ஐந்து விலை தெரியும். ஐந்நூறும் ஆயிரமுமாக நின்றுகொண்டிருந்த இடத்தில் திடீரென்று 2,00,000 வந்து நின்றதும், விற்க நின்றவர்கள் ஆர்டரைக் கேன்சல் பண்ணி இன்னும் கூடுதல் விலைக்குப் போட்டார்கள். அதோடு விட்டார்களா? எனக்கு முன்னால் 412.05-இல் ஒருத்தர் வந்து நின்றார். விலை ஏறினால் அவருக்கு லாபம், இறங்கினால் என்னிடமே 412-க்குத் தள்ளிவிடலாம், போவது பங்குக்கு 5 காசு! கடைசியில் சராசரி 415-க்கு வாங்கி முடித்தேன். மேனேஜர் திட்டவில்லை, கால்குலேட்டரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். 6 லட்சம் ரூபாய்.

இதற்குத்தான் தேசியப் பங்குச் சந்தையில் 'டிஸ்குளோஸ்டு குவாண்டிட்டி' என்ற வசதி இருக்கிறது. ஆர்டரில் குறைந்தது 10 சதவீதத்தைக் காட்டினால் போதும். 2 லட்சத்தில் 20,000 மட்டும் வெளியே தெரியும், அது தீர்ந்ததும் அடுத்த 20,000 வரும். ஆனால் புதிதாக வருவது அதே விலையில் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். மறைப்பதற்குக் கொடுக்கும் கூலி அது. அப்புறம், தீரத் தீர அதே 20,000 மறுபடி முளைத்தால் பழகின கண் சும்மா இருக்குமா? அதனால் இப்போது அல்காரிதம் என்கிற கணினி நிரல் 842, 1,370 என்று ஒழுங்கில்லாத துண்டுகளாக நாள் முழுக்க விடுகிறது.

இதை ஏமாற்று என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கு அப்படித் தோன்றவில்லை. மியூச்சுவல் ஃபண்டு 3 ரூபாய் கூடக் கொடுத்து வாங்கினால் அது மாதாமாதம் எஸ்ஐபி கட்டுகிறவரின் பணம்தானே. உண்மையான திருட்டு வேறு: உள்ளே இருக்கிறவனே பெரிய ஆர்டர் வரப்போவதைக் காதில் போட்டு, வெளியில் ஒருவன் முந்தி வாங்குவது. ஃப்ரண்ட் ரன்னிங் என்பார்கள், சந்தையைக் கண்காணிக்கும் செபி தண்டிக்கிற குற்றம். ஃபண்டுகளின் டீலிங் அறைப் பேச்சுகளைப் பதிவு செய்வது இதற்காகத்தான்.

விற்பவரும் வாங்குபவரும் முன்பே பேசிவைத்திருந்தால், பெரிய அளவில் ஒரே தடவையில் கைமாற்ற பிளாக் டீல் ஜன்னல் என்று தனி நேரம் இருக்கிறது, அதற்கான குறைந்தபட்சத் தொகையை 2025-இல் 10 கோடியிலிருந்து 25 கோடியாக உயர்த்தினார்கள்.

மற்றபடி திரையில் 842 பங்கு மட்டும் தெரிந்து, எவ்வளவு விற்றாலும் அந்த விலை தீராமல் நின்றால், பின்னால் யாரோ பெரிய ஆள் இருக்கக்கூடும். ஒரே நாளில் அவர் வாங்கியது கம்பெனியின் மொத்தப் பங்கில் 0.5 சதவீதத்தைத் தாண்டினால், மாலையில் சந்தை வெளியிடும் பல்க் டீல் பட்டியலில் பெயர் வந்துவிடும். அதுவரை துண்டுக்கு அடியில்தான்.